சினை முயலை அறிதலும் பேணுதலும்

மரக்கறித் தோட்டமும் வயலும் உள்ள வீடுகளிற் பிள்ளைகளின் விருப்பத்துக்காக வாங்கப்படும் ஒரு சோடி முயல், சில மாதங்களுள் ஒரு கூட்டமாகப் பெருகிவிடும் என்பது பொதுவான எண்ணமாகும். நடைமுறையிற் பல வீடுகளில் நிகழ்வது வேறு. ஒருநாட் காலையிற் கூட்டைத் திறந்து பார்க்கும்போது, கம்பிவலைத் தரையில் ஆறு அல்லது ஏழு குட்டிகள் மயிரின்றிக் குளிர்ந்து விறைத்துக் கிடக்கும். சில குட்டிகள் வலைக்கண்ணினூடாக நிலத்தில் விழுந்து, அவற்றை எறும்பு மொய்த்திருக்கும். தாய் முயல் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும். தாயே குட்டிகளைக் கொன்றுவிட்டது என்று வீட்டார் கூறுவர். உதவாத முயல் எனக் கருதப்பட்டு அது அன்றைக்கே இறைச்சிக்குப் போய்விடுவதும் உண்டு.

இப்பழி பெரும்பாலும் அந்த முயலுக்கு உரியதன்று. அது சினையுற்றிருந்ததை வீட்டில் எவரும் அறிந்திலர். அறியாமையால் அதற்குப் பெட்டியும் கொடுக்கப்படவில்லை, வைக்கோலும் கொடுக்கப்படவில்லை. பசுவின் சினைக்காலம் ஒன்பது மாதத்துக்கு மேற்பட்டது. ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். அவற்றின் வயிறு பெருத்ததைக் கண்ட பின்னரும் வேண்டிய ஆயத்தங்களைச் செய்து முடிப்பதற்குக் காலம் இருக்கும். முயலின் சினைக்காலமோ ஏறக்குறைய 31 நாள் மாத்திரமே. அதன் வயிறு பெருத்ததைக் கண்ணாற் காணும்போது எஞ்சியிருப்பவை மிகச் சில நாட்களே. ஆகவே முயல் வளர்ப்போர் கண்ணை நம்பியிராது, முயல் இணைசேர்ந்த திகதியை எழுதி வைத்து, அத்திகதியைக் கொண்டே மற்றெல்லாவற்றையுஞ் செய்தல் வேண்டும்.

வீட்டு முயலும் காட்டு முயலும்

வயல் வரம்புகளிலும் பற்றைகளிலும் கமக்காரர் நன்கறிந்த காட்டு முயல் வேறு. கூட்டில் வளர்க்கப்படும் வீட்டு முயல் வேறு. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து இனம்பெருக்குவனவல்ல. காட்டு முயல் வெளியிற் புல்லிடையே ஈனும். அதன் குட்டிகள் பிறக்கும்போதே உடல் முழுவதும் மயிருடனும் திறந்த கண்ணுடனும் இருக்கும். இதனைக் கண்டு பழகியவர்கள், வீட்டு முயலின் குட்டிகள் மயிரின்றிச் சிவந்து கண்மூடிக் கிடப்பதைக் கண்டதும் அவை குறைமாதத்தில் வீழ்ந்தவை என எண்ணி எறிந்துவிடுகின்றனர். அது தவறாகும். வீட்டு முயலின் குட்டிகள் பிறக்கும் இயல்பே அதுவாகும்.

வீட்டு முயலின் மூதாதையர் ஸ்பெயின், போர்த்துக்கல் ஆகிய தேசங்களைச் சேர்ந்த பகுதியில் நிலத்தில் வளை தோண்டி வாழ்ந்த முயல்களாகும். அவற்றின் தாய், வளையினுள்ளே புல்லும் தன் மயிரும் பரப்பி அங்கே ஈன்று, வளையின் வாயை மண்ணால் மூடிவிட்டுச் செல்லும். நாளுக்கு ஒரு முறை மாத்திரம் திரும்பி வந்து, சில நிமிடங்கள் பாலூட்டி, மறுபடியும் வாயை மூடிப் போய்விடும். அடிக்கடி வந்து போனால் நரி முதலியன வளையைக் கண்டுபிடித்துவிடும். கூட்டில் வளரும் முயல் இப்பழக்கத்தை இன்றும் விடவில்லை. இதை மனத்திற் கொண்டால், சினை முயலுக்குச் செய்ய வேண்டியவையும் செய்யத் தகாதவையும் எளிதில் விளங்கும்.

இணைசேர்த்தலும் திகதியும்

பசுவைப்போல முயலுக்குக் குறித்த நாட்களில் வேட்கை வருவதில்லை. இணைசேர்ந்த பின்னரே அதன் சூலகத்திலிருந்து முட்டைகள் வெளிப்படுகின்றன. அதற்குப் பத்து முதற் பன்னிரண்டு மணித்தியாலம் வரை செல்லும். இதனை வால்ட்டர் ஹீப் என்னும் ஆங்கில அறிஞர் 1905 ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். முயல் வளர்ப்போருக்கு இதனாற் கிடைக்கும் நன்மை பெரிது. இணைசேர்ந்த நாள் தெரிந்தால் சினை தொடங்கிய நாளும் தெரிந்ததாகிவிடும்.

ஆகவே ஆணையும் பெண்ணையும் ஒரே கூட்டில் விட்டு வைத்தல் ஆகாது. அவ்வாறு விட்டால் திகதி தெரியாமற் போவதோடு வேறொரு தீங்கும் உண்டு. ஈன்ற சில மணித்தியாலங்களுள்ளேயே பெண்முயல் மறுபடியும் ஆணை ஏற்கும். அதனாற் பாலூட்டும் தாய் அன்றைக்கே மீண்டும் சினையுற்று, ஓய்வின்றி இளைத்துப் போகின்றது. பிள்ளைகள் செல்லமாக வளர்க்கும் சோடி முயல்களில் இது மிகவும் காணப்படும் குறையாகும்.

காலைக் குளிர்ச்சியிற் பெண்முயலை ஆணின் கூட்டுக்குக் கொண்டுபோதல் வேண்டும். ஆணைப் பெண்ணின் கூட்டில் விட்டால், பெண் தன் இடத்தைக் காக்க எண்ணி அதனைக் கடித்துக் காயப்படுத்தக்கூடும். இணைசேர்ந்தவுடன் பெண்ணை அதன் கூட்டிற் சேர்த்து, கூட்டின் பலகையிலோ வீட்டுக் கலண்டரிலோ திகதியை எழுதிவிடல் வேண்டும்.

ஈனும் நாளைக் கணிப்பது எளிது. 31 நாட்களைக் கொண்ட மாதத்தில் இணைசேர்ந்தால், அடுத்த மாதத்தின் அதே திகதி ஈனும் நாளாகும். 30 நாட்களைக் கொண்ட மாதமாயின் ஒரு திகதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். உதாரணமாக, யூலை 10 ஆந் திகதி இணைசேர்ந்த முயலை யூலை 22 முதல் 24 வரை கையாற் சோதிக்கலாம். ஓகஸ்ட் 6 அல்லது 7 ஆந் திகதி பெட்டி வைத்தல் வேண்டும். ஓகஸ்ட் 10 ஆந் திகதியளவில் அது ஈனும். ஒரு நாள் முன்பின்னாதல் இயல்பே. குட்டிகள் பலவாயின் சற்று முந்தியும், ஒன்றிரண்டாயின் சற்றுப் பிந்தியும் ஈனும்.

கையாற் சோதித்தல்

சினையை நிச்சயமாக அறிவதற்கு ஏற்ற காலம் இணைசேர்ந்த 12 ஆம் நாள் முதல் 14 ஆம் நாள் வரையாகும். ஒரு மேசையிற் சாக்கை விரித்து, முயலின் தலை சோதிப்பவரை நோக்கியிருக்கும்படி அதனை நிறுத்துதல் வேண்டும். வழுக்கும் பலகையில் நிறுத்தினால் முயல் பயந்து உடலை இறுக்கிக்கொள்ளும். இறுகிய வயிற்றில் ஒன்றும் புலப்படாது. ஒரு கையாற் காதுகளையும் தோளின் மேலுள்ள தளர்ந்த தோலையும் சேர்த்து மெதுவாகப் பிடித்துக்கொண்டு, மறு கையை வயிற்றின் கீழாகப் பின்னங்கால்களுக்குச் சற்று முன்னே செலுத்துக. பெருவிரல் ஒரு பக்கத்திலும் மற்றை விரல்கள் மறு பக்கத்திலும் இருக்க, முன்னும் பின்னுமாக மெல்ல நகர்த்துக. சினையாயின், சிறுவர் விளையாடும் சிறிய போளைகளைப் போன்ற உருண்டைகள் விரல்களுக்கிடையே வழுவிச் செல்வது தெரியும். அவற்றை அழுத்தவோ பிடிக்கவோ கூடாது. அழுத்தினாற் கரு சிதையும்.

புதியவர்கள் புழுக்கையைக் கருவென மயங்குவதுண்டு. குடலிலுள்ள புழுக்கை கடினமானது, சிறியது, முதுகெலும்பை ஒட்டி வரிசையாக இருப்பது. கருவோ மென்மையானது, வயிற்றின் கீழ்ப்பாகத்தில் இடம்விட்டு அசைவது. முதலிற் சினையில்லாத முயல் ஒன்றைச் சோதித்துப் பழகினால் இவ்வேறுபாடு விரைவிற் கைக்குப் புலப்படும். 14 ஆம் நாளுக்குப் பின்னர் கருக்கள் நீண்டு மென்மையடைவதால் விரலுக்கு எளிதில் அகப்படா. அந்நாளைத் தவறவிட்டவர் பிந்திப் பிசைந்து பார்த்தல் வேண்டாம். சினையென்றே கொண்டு பெட்டி வைத்தலே பாதுகாப்பானது. வெறுமனே வைத்த பெட்டியால் ஒரு நட்டமுமில்லை.

பெண்முயலை மறுபடியும் ஆணிடம் விட்டுப் பார்த்து, அது ஆணை மறுத்தாற் சினை என்றும் ஏற்றாற் சினையில்லை என்றும் முடிவு கட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. இம்முறையை நம்புதல் கூடாது. சினையுற்ற முயல் ஆணை ஏற்பதுமுண்டு, சினையற்றது மறுப்பதுமுண்டு.

மற்றைய அடையாளங்கள் துணையாக மாத்திரம் கொள்ளத்தக்கவை. சாதுவாக இருந்த முயல் உறுமுதல், கையை முன்னங்காலால் அடித்தல், கூட்டின் தரையைப் பிறாண்டுதல் என்பன சினைக்காலத்திற் காணப்படலாம். கடைசி வாரத்தில் வயிற்றின் இரு பக்கமும் தாழ்ந்து அகன்று, குட்டிகளின் அசைவும் தெரியக்கூடும். வாயிலே வைக்கோலைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு கூட்டினுள் அங்குமிங்கும் திரியும் முயல் பெட்டியைத் தேடுகிறது என்றே கொள்க. அன்றைக்கே பெட்டி கொடுத்தல் வேண்டும்.

பொய்ச் சினை

இணைசேர்ந்தும் கரு உண்டாகாவிடின், அல்லது ஒரே கூட்டிலுள்ள மற்றொரு பெண்முயல் மேலேறினாலுங்கூட, முட்டைகள் வெளிப்பட்டு முயலின் உடல் சினையுற்றதைப் போலவே சில நாள் நடந்துகொள்ளும். இது பொய்ச் சினை எனப்படும். ஏறக்குறைய 17 அல்லது 18 ஆம் நாளில் முயல் மயிரைப் பிடுங்கிக் கூடு கட்டத் தொடங்கும், முலைகளிற் பாலூறுவதுமுண்டு. பின்னர் எல்லாம் தானாக அடங்கிவிடும். திகதி எழுதப்படாத வீட்டில் இது பெருங் குழப்பத்தை உண்டாக்கும். குட்டிகளை எதிர்பார்த்து ஏமாந்தவர்கள், தாய் குட்டிகளைத் தின்றுவிட்டது என்றுகூடக் கூறுவர். திகதி உள்ளவரோ 17 ஆம் நாள் மயிர் உதிர்வதைக் கண்டதும் இது பொய்ச் சினை என அறிந்து, அது அடங்கியதும் மறுபடியும் ஆணுடன் சேர்ப்பர். அச்சமயம் முயல் பெரும்பாலும் சினை பிடிக்கும். வளர்ந்த பெண்முயல்களைத் தனித்தனிக் கூட்டில் வைப்பதே இதைத் தடுக்கும் வழியாகும்.

தீனும் நீரும்

சினையென்று அறிந்தவுடன் தீனை அள்ளிக் கொடுப்பது அன்பினாற் செய்யும் பிழை. முதல் இருபது நாட்களில் வயிற்றிலுள்ள குட்டிகள் மிகச் சிறியன. அவற்றின் எடையிற் பெரும்பங்கு கடைசிப் பத்து நாட்களிலேயே சேருகின்றது. முன்பாதியில் அதிகமாக உண்ட முயல் உட்கொழுப்பு மிகுந்து, ஈனும் வேளையில் வருந்தும். கொழுத்த முயல் கடைசி வாரத்தில் திடீரெனத் தீனை விட்டு, சோர்ந்து, இறந்துபோவதும் உண்டு. ஆகவே ஏறக்குறைய 3 கிலோகிராம் எடையுள்ள முயலுக்கு முதற் பகுதியில் நாளொன்றுக்கு 100 கிராம் அளவான கலப்புத் தீனும், வேண்டிய அளவு புல்லும் போதுமானவை. 20 ஆம் நாளுக்குப் பின்னர் கலப்புத் தீனைப் படிப்படியாகக் கூட்டி, பாலூட்டுங் காலத்தில் அது உண்ணுமளவுக்குக் கொடுக்கலாம். தவிடு, சோளக்குறுணல், தேங்காய்ப் பிண்ணாக்கு, எள்ளுப் பிண்ணாக்கு என்பவற்றைக் கலந்து வீட்டிலேயே தீன் தயாரிப்போர், அதில் நூற்றுக்கு 16 முதல் 18 பங்கு வரை புரதம் இருக்கும்படி விவசாயப் போதனாசிரியரிடமோ மிருக வைத்தியரிடமோ கேட்டுக் கலவையை அமைத்துக்கொள்ளல் நன்று. பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கைச் சினை முயலுக்கு ஒருபொழுதும் கொடுத்தல் ஆகாது.

பசுந்தீனுக்கு மரக்கறிச் செய்கையாளரின் தோட்டத்திற் குறைவில்லை. கினிப்புல், அறுகு, வற்றாளங்கொடி, கச்சான்கொடி, பயற்றங்கொடி, முருங்கையிலை யாவும் நல்லன. வெட்டிய தழையைச் சிறிது நேரம் நிழலில் வாடவிட்டுக் கொடுத்தல் வேண்டும். மழையில் நனைந்ததும் குவித்து வைத்துச் சூடேறியதும் வயிற்றை ஊதச் செய்யும். கோவாவின் வெளியிலைகளைச் சிறிதளவே கொடுக்கலாம். தக்காளி, உருளைக்கிழங்கு என்பவற்றின் இலையும் தண்டும் நஞ்சுடையன. பச்சை மரவள்ளியிலையும் அத்தகையதே. இப்பில் இப்பில் எனப்படும் மரத்தின் இலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் அளவோடு பயன்பட்டாலும், முயலுக்கு மயிருதிர்வையும் சினைக் கேட்டையும் விளைவிக்க வல்லது. சினை முயலுக்கு அதனை விலக்குதல் வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது பூச்சிநாசினியாகும். போஞ்சிக்கும் கோவாவுக்கும் மருந்து தெளித்த தோட்டத்தில், வரம்பிலுள்ள புல்லிலும் அம்மருந்து படிந்திருக்கும். மாலையிற் பிள்ளைகள் அப்புல்லைப் பிடுங்கி முயலுக்குப் போடுவர். தழை பறிக்கும் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி, அவ்விடத்தில் மருந்து படாதபடி பார்த்து, அவ்விடத்தைப் பிள்ளைகளுக்கும் காட்டி வைத்தல் வேண்டும்.

முயல் பசுந்தழையே உண்பதால் அதற்கு நீர் வேண்டியதில்லை என்னும் கருத்து முற்றிலும் பிழையானது. பாலூட்டும் பெரிய முயல் வெப்பமான நாளில் ஒரு லீற்றருக்கு மேலும் குடிக்கும். ஈன்ற இரவில் நீரின்றித் தாகத்தால் வருந்தும் தாய் குட்டிகளைக் கடித்துத் தின்பதற்கு இடமுண்டு. கவிழாத பாரமான மண்சட்டியிற் காலையும் மாலையும் புது நீர் வைத்தல் வேண்டும். 30 ஆம் நாள் இரவிற் சட்டி நிறைந்திருக்கிறதா எனப் பார்த்துவிட்டே உறங்கச் செல்க.

வெப்பமும் அச்சமும்

முயல் வியர்ப்பதில்லை, காதுகளின் வழியாகவே பெரும்பாலும் வெப்பத்தை வெளிவிடுகின்றது. 30 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் அதற்குத் துன்பமாகும். வறண்ட வலயத்திற் கடும் வெயில் மாதங்களிற் சினையின் கடைசி வாரத்தில் உள்ள முயல்கள் நண்பகலிற் செத்து விழுவதுண்டு. தகரக் கூரையின் கீழ் வைத்த கூடுகளிலேயே இது மிகுதி. கிடுகு அல்லது பனையோலைக் கூரையும், மரநிழலும், காற்றோட்டமும் போதிய பாதுகாப்பாகும். முயல் நீட்டிப் படுத்து, மூக்கு நனைந்து, விரைந்து மூச்சு வாங்கினால், காதுகளைத் தண்ணீரால் நனைத்து, ஈரச் சாக்கைக் கூட்டின் பக்கத்தில் தொங்கவிடுக. கடும் வெப்பம் ஆணின் விந்தையுங் கெடுத்து, பல வாரங்களுக்குச் சினை பிடியாமற் செய்யும். வெயில் மாதங்களின் பின் சினை தவறினால் அதன் காரணம் ஆணிடத்திலும் இருக்கலாம்.

நாய் கூட்டைச் சுற்றிக் குரைத்தல், திருநாட்களிற் சீனவெடி கொளுத்துதல், அயலவர் கூட்டமாக வந்து பார்த்தல் என்பன சினை முயலை மிகவும் கலங்கச் செய்யும். காதைப் பிடித்துத் தூக்குதல் ஒருபொழுதும் கூடாது. தூக்க வேண்டியிருப்பின் ஒரு கையைப் பின்பாகத்தின் கீழ் வைத்து உடலின் பாரத்தைத் தாங்குதல் வேண்டும். கையிலிருந்து உதறிக் குதிக்கும் முயலின் முதுகெலும்பு முறிந்துவிடும், முறிந்தது பொருந்தாது.

ஈற்றுப் பெட்டி

முன்னே கூறிய வளைக்குப் பதிலாக அமைவதே இப்பெட்டி. நீளம் 18 அங்குலம், அகலம் 12 அங்குலம், உயரம் 12 அங்குலம் கொண்ட மரப்பெட்டி நடுத்தர அளவான முயலுக்குப் போதும். முன்பக்கப் பலகை மாத்திரம் 6 அங்குல உயரமாக இருக்கட்டும். அவ்வுயரம் தாய் எளிதில் உள்ளே போய் வருவதற்கு உதவும். பால் குடித்துக்கொண்டே முலையிற் தொங்கும் குட்டி வெளியே இழுபட்டு வராமலும் தடுக்கும். அடிப்பலகையில் நீர் வடியச் சில சிறு துளைகள் இடுக. தேயிலைப் பெட்டிப் பலகையோ பழைய சாமான் பெட்டியோ இதற்குப் பயன்படும். ஆணி முனை உள்ளே நீட்டியிருத்தலாகாது. பூச்சிநாசினி வந்த பெட்டியைக் கழுவியும் உபயோகித்தல் கூடாது.

பெட்டியினுள்ளே உலர்ந்த, சுத்தமான நெல் வைக்கோலைக் கைப்பிடி கைப்பிடியாகக் கசக்கி மென்மையாக்கி நிரப்பி, நடுவிலே கையால் ஒரு குழி செய்து விடுக. நெற்செய்கையாளர் வீட்டில் இதற்குச் செலவில்லை. நீளமான தும்பு, நூல், கந்தைத் துணி என்பவற்றை இடுதல் தீங்காகும். குட்டிகளின் கால்களிலும் கழுத்திலும் அவை சுற்றிக்கொள்ளும்.

இணைசேர்ந்த 27 அல்லது 28 ஆம் நாளிற் பெட்டியைக் கூட்டில் வைத்தல் வேண்டும். அதற்கு முன்னே வைத்தால் முயல் அதனைச் சலக்கூடமாக்கி நனைத்துவிடும். பிந்தி வைத்தால், கம்பித் தரையில் ஈன்றுவிடும். கூட்டின் எந்த மூலையில் முயல் வழக்கமாகப் புழுக்கையிடுகிறதோ அம்மூலையை விட்டு, எதிர் மூலையில் வைப்பது நன்று.

பெட்டி வைத்த அன்றே கூட்டின் கால்களையும் பார்த்தல் வேண்டும். நான்கு கால்களையும் நீர் நிறைந்த தகரங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பிறந்த குட்டிகளை ஓரிரவில் எறும்பு கொன்றுவிடும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எலியும் மரநாயும் சாரைப்பாம்பும் அடுத்த பகைவர். அரை அங்குலத்துக்கு மேற்பட்ட கண்ணுள்ள வலையால் எலிக் குஞ்சையும் சிறு பாம்பையும் தடுக்க இயலாது.

ஈனும் நாள்

ஈனுவதற்கு ஓரிரு நாள் முன்னே முயல் தீனைக் குறைக்கும். வயிற்றிலும் கழுத்தின் கீழும் உள்ள மயிர் அக்காலத்தில் தளர்ந்திருக்கும். அதனை வாயாற் பிடுங்கிப் பெட்டியிற் பரப்பும். மயிர் பறித்த இடத்தில் முலைகளும் வெளிப்பட்டு நிற்கும். பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ ஈனும். எல்லாக் குட்டிகளும் ஏறக்குறைய அரை மணித்தியாலத்தில் பிறந்துவிடும். நச்சுக்கொடியைத் தாய் தின்பது இயல்பானது. அதைக் கண்டு குட்டியைத் தின்கிறதென அஞ்சி ஓடிச்சென்று கலைத்தலாகாது. உதவி செய்யவென விளக்குடன் அருகில் நிற்பதும் வேண்டாம்.

காலையில் தாய்க்குச் சிறிது தழை போட்டு, அது உண்ணும் வேளையிற் பெட்டியை ஒரு முறை பார்த்தல் வேண்டும். கைகளைக் கழுவி, தாயின் முதுகைத் தடவி, பெட்டியிலுள்ள வைக்கோலையும் கையிற் தேய்த்துக்கொண்டு பார்த்தாற் புதிய மணத்தால் தாய் கலவரமடையாது. மனிதர் கை பட்டாலே தாய் குட்டிகளைக் கைவிடும் என்பது, வளர்ப்பவரோடு பழகிய முயலுக்குப் பொருந்தாத கூற்றாகும். இறந்தவற்றையும் இரத்தம் தோய்ந்த வைக்கோலையும் நீக்குக. தாய் மயிர் பறியாதிருந்தால், அதன் வயிற்றில் தளர்ந்துள்ள மயிரை மெல்லக் கையாற் பறித்துக் குட்டிகளின் மேலே மூடுக. முதலீற்று முயல்களில் இவ்வாறு செய்ய நேருவது அருமையன்று.

குட்டி பெட்டிக்கு வெளியே கிடந்தால் தாய் அதனை நாய், பூனை போலக் கவ்விக்கொண்டு வந்து சேர்க்காது. வளையில் வாழ்ந்த மூதாதைக்கு அத்தேவை இருக்கவில்லை. வளர்ப்பவரே எடுத்து வைத்தல் வேண்டும். குளிர்ந்து விறைத்து இறந்ததுபோற் காணப்படும் குட்டியையும் உடனே எறிந்துவிடக்கூடாது. தலை மேலே இருக்கும்படி பிடித்து, கைக்கு இதமான வெந்நீரிற் கழுத்து வரை அமிழ்த்திச் சூடேற்றி, அசைவு கண்டதும் நன்றாகத் துடைத்து உலர்த்தி மற்றைக் குட்டிகளின் நடுவே வைத்தால் அது பிழைத்தெழுவதுண்டு.

33 ஆம் நாள் கடந்தும் ஈனாத முயலையும், ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக முக்கியும் குட்டி வெளிவராத முயலையும் தாமதமின்றி மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். வீட்டில் இழுத்து எடுக்க முயல்வது தாயையும் இழப்பதற்கே வழியாகும். மருந்து விடயத்தில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. பிள்ளைகளின் காய்ச்சலுக்கு வாங்கிய அமொக்சிசிலின் முதலிய பெனிசிலின் வகை மருந்தை முயலுக்கு வாய்வழி கொடுத்தாற் குடல் கெட்டு இறந்துவிடும். நாயின் உண்ணிக்குப் பூசும் பிப்ரோனில் மருந்தும் முயலுக்கு ஆகாது.

ஈன்றபின்

வீட்டாரைப் பெரிதும் கவலையுறச் செய்வது, தாய் குட்டிகளோடு படுக்காமையும் பகல் முழுவதும் பெட்டியை எட்டிப் பாராமையும் ஆகும். குட்டிகளைக் கைவிட்டதென எண்ணிச் சிலர் தாயைப் பிடித்துப் பெட்டியினுள் அடைக்கின்றனர். அது வெருண்டு மிதித்துக் குட்டிகளைக் கொல்லும். தாய் நாளொன்றுக்கு ஒரு முறை, பெரும்பாலும் இரவில் அல்லது விடியலில், மூன்று முதல் ஐந்து நிமிடம் வரையே பாலூட்டும். முயற்பால் பசுப்பாலிலும் பல மடங்கு செறிவானது; அவ்வொரு வேளைப் பால் மறுநாள் வரை தாங்கும். பாலூட்டியதா என்பதைக் குட்டிகளின் வயிற்றைக் கொண்டு அறிக. பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டு பளபளப்பாக இருக்கும். அது அமைதியாக உறங்கும். பட்டினி கிடந்ததன் தோல் சுருங்கி, தொட்டவுடன் துள்ளும்.

இரண்டு நாளாகியும் குட்டிகளின் வயிறு ஒட்டியிருந்தால், அதே காலத்தில் ஈன்ற வேறொரு தாயிடம் அவற்றைச் சேர்த்தல் வேண்டும். ஈன்ற நாளில் இரண்டு நாளுக்கு மேற்பட்ட வித்தியாசம் இருத்தல் கூடாது. இதற்காகவே, ஒன்றுக்கு மேற்பட்ட பெண்முயல் வைத்திருப்போர் இரண்டை ஒரே நாளில் இணைசேர்ப்பது புத்தியான செயலாகும். எட்டுக்கு மேற்பட்ட குட்டிகள் உள்ள தாயிடமிருந்து சிலவற்றை எடுத்து, நான்கு குட்டிகள் உள்ளதிடம் கொடுத்துவிடலாம். பசுப்பாலை ஊட்டி வளர்க்க எடுக்கும் முயற்சி அரிதாகவே கைகூடும். தாயின் முலை சூடாகிச் சிவந்து தடித்திருந்தால் அது மடிநோயாகும். அக்குட்டிகளை வேறு தாயிடம் மாற்றினால் அத்தாய்க்கும் நோய் தொற்றும். வைத்தியரிடம் காட்டுக.

நான்கைந்து நாட்களில் மயிர் அரும்பும். 10 முதல் 12 ஆம் நாளுக்குள் கண் திறக்கும். 12 ஆம் நாளுக்குப் பின்னும் திறவாத கண்ணை, கொதித்தாறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சாற் துடைத்து மெதுவாகத் திறத்தல் வேண்டும். மூன்றாம் வாரத்திற் குட்டிகள் பெட்டியை விட்டு வெளிவந்து தாயின் தீனைக் கொறிக்கத் தொடங்கும். அப்போது ஈரத் தழையைப் போட்டுக் கழிச்சலை வரவழைத்துவிடாமல், உலர்ந்த புல்லையே முதலிற் பழக்குக. பிள்ளைகள் குட்டிகளைக் கையில் எடுத்து விளையாடுவதற்கு இக்காலம் வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

ஆறு வாரம் நிறைந்த பின்னர், குட்டிகளை அதே கூட்டில் விட்டுத் தாயை வேறு கூட்டுக்கு மாற்றுதல் நன்று. குட்டிகளை இடம்மாற்றினால் அவை பால்மறந்த வருத்தத்தோடு புதிய இடத்தின் அச்சத்தையும் தாங்க வேண்டியிருக்கும். தாயின் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படாத அளவுக்குச் சதை தேறிய பின்னரே மறுமுறை ஆணுடன் சேர்த்தல் வேண்டும். பெட்டியைச் சுரண்டிக் கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலிற் காயவிட்டு எடுத்து வைக்கலாம். அதிலிருந்து நீக்கிய வைக்கோலையும் கூட்டின் கீழ்ச் சேர்ந்த புழுக்கையையும் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்குப் பசளையாக இடுக.